என்னைவிட மூத்த என் ஞானமகள்

முழங்கால் வலிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தைலம் வாங்கி வந்து கொடுத்தார். நேற்றுச் சாயங்காலம் மூடியைத் திறந்தேன். பிசப்பாண்டவரின் கட்டை விரல் மணந்தது.

சிரிக்காதீர்கள். எங்கள் வேதத்தில் உறுதிபூசுதல் என்று ஒரு சடங்கு உண்டு. கைக்குழந்தையாக இருக்கும்போது நம்மைக் கேட்காமலே கொடுத்த ஞானஸ்நானத்தை, நாம் கொஞ்சம் வளர்ந்த பிறகு பிசப்பாண்டவர் என்றும் வெறுமனே ஆண்டவர் என்றும் நாங்கள் சொல்கிற மேற்றிராணியார் வந்து உறுதிப்படுத்திவிட்டுப் போவார். ஒலிவ எண்ணெயில் வாசனைப் பிசின் கலந்த தைலத்தைக் கட்டை விரலால் தொட்டு நெற்றியில் சிலுவை வரைவார். எனக்கு வரைந்தபோது ஒன்பது வயது. அந்த மணம் போய்விடுமே என்று முகம் கழுவாமல் திரிந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பேர்ப்பட்ட வாசனையை முழங்காலில் தேய்ப்பதா என்று நேற்று ஒரு கணம் தயங்கினேன். எழுந்து நிற்கப் பார்த்தேன். பிறகு தயங்காமல் தேய்த்துக்கொண்டேன்.

அந்த மணத்துக்குப் பின்னாலேயே மீன் வாசனையும் வந்துவிட்டது. எனக்கு அவை இரண்டும் எப்போதும் சேர்ந்துதான் வரும். அருளாயி அப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அப்போது எங்கள் வீடு மந்தைவெளியில். தெருவுக்கு நாலைந்து வீடுகள், மற்றதெல்லாம் தென்னந்தோப்பு. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே குடிபோன என் சித்தி, "ராத்திரியில நரி ஊளையிடுதுடி" என்று அழாத குறையாகச் சொல்வாள். மயிலாப்பூர்ப் பக்கம் இருக்கிற நாங்கள் பெரிய பட்டணவாசிகள் என்ற நினைப்பில் அவளுக்காகப் பரிதாபப்படுவோம். எங்கள் பட்டணத்தின் லட்சணம், வெள்ளிக்கிழமை அருளாயி வராவிட்டால் வெறும் ரசம்தான். வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி கூடாது, மீன் கூடும். ஆகையால் சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற அருளாயிதான் எங்கள் வெள்ளிக்கிழமை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், உயரத்துக்கேற்ற குரல். தெருமுனையில் அவள் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டுப் பூனை அடுப்படியிலிருந்து கிளம்பிவிடும். எனக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. டீச்சர் பயிற்சி முடித்து ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக் கொடுப்பேன். மூக்குக்கண்ணாடி வேறு போட்டிருந்தேனா, எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்று ஊரில் ஒருத்தி நம்பினாள். அந்த ஒருத்தி நான்தான்.

ஒரு நாள் அருளாயி கூடையை இறக்கிவைத்தாள். மீனைப் பற்றிப் பேசவில்லை.

"டீச்சரம்மா, பெரிய சாமி வந்து புள்ளைங்களுக்குப் பூசப்போறாராமே. செசீலிக்குப் பின்னால நான்தான் நிக்கணும். நம்ம சாமியார் முடியாதுன்றாரு. நீ வந்து சொல்லேன்."

செசீலி என் உபதேச வகுப்புப் பெண். பன்னிரண்டு வயது, பேச்சே கிடையாது. அவள் தாய் மதலேனும் அருளாயியும் சிறுவயதிலிருந்து ஒன்றாகக் கூடை தூக்கினவர்கள். மதலேன் இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். கண்ணை மூடுகிற நேரத்தில் அருளாயியின் கையைப் பிடித்து, "எம் பொண்ணுக்கு நீ நில்லு" என்று கேட்டிருக்கிறாள். உறுதிபூசுதல் பெறுகிறவருக்குப் பின்னால், வலது தோளில் கைவைத்து ஒருவர் நிற்கவேண்டும். பெண்ணென்றால் ஞானத்தாய். இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று கோவிலறியச் சொல்வது அது. தாயில்லாப் பெண்ணுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சாமியாரிடம் போனோம். கோவாக்காரர், தமிழை மெத்தென்று பேசுவார். விஷயம் எளிது. ஞானத்தாயாக நிற்பவள் தானும் உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும். அருளாயி பெறவில்லை. சிறுமியாக இருந்தபோது மேற்றிராணியார் வந்த சமயம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

"அதே நாளில் முதலில் உனக்குப் பூசட்டும். பிறகு நீ செசீலிக்கு நில். பிசப்பாண்டவரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் சாமியார், கொஞ்சம் யோசித்துவிட்டு. "ஆனால் உனக்கு ஒரு ஞானத்தாய் வேண்டுமே?"

அருளாயி தாழ்வாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அங்கே இருந்தது நான் ஒருத்திதான்.

"தோ, டீச்சரம்மா நிக்கட்டும்."

"நானா? எனக்கு இருபது வயசுகூட ஆகல!"

"பெத்துக்கறதுக்கு ஏத்த வயசுதாம்மா" என்றாள் அருளாயி. சாமியார் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மகளுக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. மீன் விற்று முடித்ததும் எங்கள் வீட்டுக் கொல்லைப் படியில் வந்து உட்காருவாள். நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். பரிசுத்த ஆவியை அந்தக் காலத்தில் நாங்கள் போர்த்துக்கீசிய வாடையோடு இஸ்பிரீத்து சாந்து என்போம். இஸ்பிரீத்து சாந்து தருகிற வரங்கள் ஏழு. ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். ஆறைத் தடதடவென்று சொல்லிவிட்டுக் கடைசியில் நிறுத்திக்கொள்வாள்.

"தெய்வபயம், அருளாயி."

"பயத்த இன்னாத்துக்கும்மா குடுக்கறாரு? அதான் எங்ககிட்ட நெறைய கீதே."

இந்தப் பயம் வேறு, அந்தப் பயம் வேறு என்று நான் படித்த படிப்பையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, குடுக்கட்டும். எட்த்துக்கினு போய் எங்கனா வைக்கறேன்" என்றாள்.

இப்படிச் சிரிப்பும் பாடமுமாகப் போய்க்கொண்டிருந்ததை நானே ஒரு நாள் கெடுத்தேன். சடங்கு எப்படி நடக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், "தைலம் பூசினதும் ஆண்டவர் கன்னத்துல ஒரு அடி அடிப்பாரு. சும்மா லேசாத்தான்" என்றேன்.

அருளாயி எழுந்துவிட்டாள்.

"இன்னா சொன்னே? அடிப்பாரா?"

"சும்மா தட்டறதுதான். விசுவாசத்துக்காக எதையும் பொறுத்துக்கணும்னு..."

"பொறுத்துக்கினதெல்லாம் போதும்மா."

அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அவள் புருஷன் கட்டுமரக்காரன். கரையில் இருக்கிற நாளெல்லாம் குடி, குடித்த நாளெல்லாம் அடி. குப்பத்துக்கே தெரியும். ஒரு நாள் ரங்கூனுக்குக் கப்பலேறினவன் திரும்பவே இல்லை. அவன் போன அன்றைக்கு, "இனிமே எம் மூஞ்சில ஒரு ஆம்பளை கை படக்கூடாது" என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறாள். எங்கள் கொல்லைப் படியில் நின்று அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "யாரு கை வெச்சாலும் நான் திருப்பி வெச்சிடுவேம்மா. பெரிய சாமின்னு பாக்கமாட்டேன். அதான் பயமா கீது" என்று வாசலில் ஒரு வார்த்தை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. நாங்கள் ரசம் சாப்பிட்டோம். எனக்கு அதுவும் இறங்கவில்லை. பாவம் செசீலி, அவளுக்கு வேறு ஒருத்தியைத் தேடச் சொல்லலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன்.

அருளாயியின் குடிசைக்குப் பின்புறம், வலை காய்கிற நிழலில் அவளும் செசீலியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரெதிராக. அருளாயி கண்ணை இறுக மூடியிருந்தாள். கைகளிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். செசீலி கையை மெல்ல நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். அருளாயியின் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. பெண் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னொரு தபா" என்றாள் அருளாயி, கண்ணைத் திறக்காமல்.

பெண் மறுபடி தொட்டாள். மறுபடி உடம்பு அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் பலமா. இன்னொரு தபா."

பேச்சே இல்லாத அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வாணாம் பெரிம்மா. யாரும் நிக்க வாணாம். நான் தனியா போய்க்கிறேன்."

"சும்மா இரு. நீ அடி."

நான் குடையோடு வந்த வழியே திரும்பிவிட்டேன். எனக்கு அங்கே சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை.

சடங்கு நாள் வந்தது. கோவில் நிறையக் கூட்டம். ஆண்களுக்கு முடிந்து, பெண்கள் பலிபீடத்துக்கு முன் வரிசையாக முழந்தாளிட்டார்கள். சாமியாரின் திட்டப்படி வரிசையின் முதல் ஆள் அருளாயி, கடைசி ஆள் செசீலி. ஆண்டவர் ஒருவர் ஒருவராகப் பூசிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போவதற்குள், அருளாயி எழுந்து பின்பக்கமாகச் சுற்றிப் போய்ச் செசீலிக்குப் பின்னால் நிற்கவேண்டும். செசீலியின் பின்னால் அப்போதைக்கு யாருமில்லை. ஒரு கன்னியாஸ்திரி மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, தூணோரம் தயாராக நின்றாள்.

நான் அருளாயியின் தோளில் கை வைத்தேன். கல் மாதிரி இருந்தது. ஆண்டவரை அடித்த மீன்காரியின் ஞானத்தாய் என்று ஊர் என்னைப் பார்க்கப்போவதை நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு என் கவலை.

உறுதிபூசுதலில் புதிதாக ஒரு பெயர் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தோணியம்மாள் என்று வைத்துக்கொள்ளும்படி நான் சொல்லியிருந்தேன். ஆண்டவர் வந்தார். வெள்ளைக்காரர், வயதானவர். சாமியார் குனிந்து, "பெயர்?" என்று கேட்டார்.

"மதலேன்" என்றாள் அருளாயி.

அவள் குரல் உங்களுக்குத் தெரியுமே. கோவில் முழுக்கக் கேட்டது. வரிசைக் கோடியில் செசீலியின் தலை சட்டென்று திரும்பியது. ஆண்டவர் தமது லத்தீனில் "மக்தலேனா" என்று அழைத்து, நெற்றியில் சிலுவை வரைந்தார். தைல வாசனை எழுந்தது. பிறகு கையை உயர்த்தினார். என் விரல்களுக்கடியில் அந்தத் தோள் இறுகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், அந்தக் கிழக் கை அவள் கன்னத்திலிருந்து அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. அருளாயி அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என்ன சொல்கிறாள் என்று ஆண்டவர் சாமியாரைக் கேட்க, சாமியார் முகம் மாறாமல் ஏதோ அவர் பாஷையில் சொன்னார். ஆண்டவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் நகர்ந்தார். சாமியார் என்ன மொழிபெயர்த்தார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

நெற்றியில் தைலம் வழியாமலிருக்க வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று கட்டுவார்கள். அதைக் கட்டி முடிப்பதற்குள் அருளாயி எழுந்துவிட்டாள். மெதுவாகப் போகச் சொல்லியிருந்தோம். ஓடினாள். புதுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டையின் முனை பின்னால் பறக்க, அலை திரும்புவதற்குள் ஈர மணலைத் தாண்டுகிறவள் மாதிரி ஓடினாள். ஆண்டவர் வந்து சேர்ந்தபோது செசீலியின் தோளில் அந்தக் கை இருந்தது. செசீலி தன் வலது கையைத் தூக்கி அதைப் பற்றிக்கொண்டாள். கைகூப்பி இருக்கவேண்டும் என்று நான் வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. ஆண்டவர் கண்டும் காணாதவராகப் பூசினார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் நல்லதாகவே நடந்தன. செசீலி அருளாயியின் குடிசைக்கே வந்துவிட்டாள். அவள் அப்பனும் மறுப்புச் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தாள், பெரியம்மாவின் குரலிலேயே. படித்தாள், நர்சானாள். பின்னாளில் எத்தனையோ பெண்களுக்குப் பின்னால் அவளும் ஞானத்தாயாக நின்றாள். என்னை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவாள். முறைப்படி அது சரிதானே, என் மகளின் மகள். ஆக இருபது வயது நிறைவதற்குள் நான் தாயுமானேன், பாட்டியுமானேன். கல்யாணம் மட்டும் பாக்கி இருந்தது.

இப்போது அந்தச் சடங்கில் கன்னத்தில் அடிப்பது இல்லை. எடுத்துவிட்டார்களாம், நல்லது. லத்தீன் போயிற்று, நெற்றிப் பட்டை போயிற்று. இஸ்பிரீத்து சாந்து என்று சொன்னால் பிள்ளைகள் ஏதோ தின்பண்டம் என்று நினைக்கிறார்கள். மந்தைவெளித் தோப்புகள் இருந்த இடத்தில் மாடிவீடுகள். மீன் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை.

அருளாயி போய் ரொம்ப வருஷமாகிறது. அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கச்சேரி ரோட்டில் நான் மற்ற டீச்சர்களோடு போய்க்கொண்டிருப்பேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தலையில் கூடையோடு, டிராம் மணியையும் மீறி ஒரு குரல் வரும். "யம்மோவ்! பெத்தவளே! உம் மகளைப் பாக்காமயே போறியே!" போகிறவர்கள் எல்லாம் நின்று, அந்தப் பெரிய மனுஷியைப் பெற்ற கிழவி எங்கே என்று தேடுவார்கள். நான் வெட்கத்தில் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வேன்.

இப்போது அந்த ரோட்டில் நான் மெல்லத்தான் நடக்கிறேன். நரைத்த தலை, கையில் கோல். இன்றைக்கு அவள் கூப்பிட்டால் யாரும் தேடவேண்டியதில்லை. பார்த்ததும் தெரியும், தாய் நான்தான் என்று.