அப்பாவின் ஆஸ்பத்திரித் துண்டு

மகள் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பின்னால் நாங்கள் இழுத்து இழுத்து வாசித்த அதே இராகம். அர்த்தம் யாரும் கேட்டதில்லை.

அந்த நாளில் ஒருமுறை, நெஞ்சுவலிக்குப் போன அப்பா, ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலத் துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டினார். எங்கள் லயத்து வீட்டு வாசலில் அத்தனை பேர் முன்னால் தடங்கலில்லாமல் வாசித்தேன். அப்பாவுக்குப் பூரிப்பு.

"என்னா பாப்பா போட்டிருக்கு?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஒன்னுமில்லயாம்ப்பா. நல்லா இருக்கீங்களாம்."

மறுநாளே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு ஏறினார். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

"இதுக்கு என்னாம்மா அர்த்தம்?" என்று மகளிடம் கேட்கிறேன்.

"தெரியாதும்மா" என்கிறாள், கூச்சமே இல்லாமல்.

அவ்வளவு லேசான சொல்தான் அது.