அன்னமக்கா கேட்ட தணல்

குசினி மேசையில் ஒரு சிவப்பு லைற்றர் கிடக்கிறது. நான் வாங்கியதல்ல, நேற்றுப் பக்கத்து வீட்டுப் பெண் தந்தது. இந்த வயதில் உனக்கு எதற்கு லைற்றர் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், ஆனால் நேராகச் சொல்ல எனக்கு வராது.

அழுத்திப் பார்த்தேன். டிக்கென்று நெருப்பு வந்தது, மணமே இல்லை. எங்கள் காலத்து நெருப்புக்கு மணம் இருந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டை கருகும் மணம் எங்கேயாவது வந்தால் எனக்கு இன்றைக்கும் பக்கத்து வளவு அன்னமக்காதான் வேலியைக் குனிந்து கடந்து வருவார்.

அப்போது இங்கே மதில் இல்லை, தென்னோலைக் கிடுகு வேலி. இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். பொட்டு என்போம். வருடாவருடம் வேலியைப் புதிதாக அடைத்தாலும் பொட்டை மட்டும் அடைக்க மாட்டார்கள். அடைத்தால் இரண்டு வீட்டுக்கும் கோபம் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நான் உடுவிலில் பிறந்தவள். சீதனமாக நீர்வேலியில் இந்த வீட்டைத் தந்தார்கள். கலியாணமாகிச் சில மாதங்களிலேயே இவர் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குக் கப்பலேறினார். "வீடு கிடைச்ச உடனை கூப்பிடுறன்" என்றார். நானும் பெட்டியை அடுக்கி வைத்திருந்தேன். என் புத்தியைப் பாருங்கள், குடை கூட வைத்தேன். துணைக்கு ஒரு குஞ்சியம்மா, சித்தி முறை, பொழுதுபட்டபின் வருவார். காது கேளாது. தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, பாயை விரித்ததும் குறட்டை.

ஒருத்திக்காக யார் உலை வைப்பது? நீர்வேலியில் வாழைப்பழத்துக்குப் பஞ்சமா? இரண்டு பழம், ஒரு செம்பு தண்ணீர், அவ்வளவுதான் என் சாப்பாடு. சட்டை தோளில் நிற்காமல் வழுகத் தொடங்கியது. அடுப்புக்குள் பூனை படுத்துக்கொண்டது.

அப்போதுதான் அன்னமக்கா வரத் தொடங்கினார். நாற்பது வயதிருக்கும், வெடுக்கென்று பேசுகிற மனுசி. பின்னேரம் கையில் தேங்காய்ச் சிரட்டையோடு பொட்டுக்குள்ளால் தலையை நீட்டுவார்.

"பிள்ளை, எங்கடை அடுப்பு நூந்து போச்சு. ஒரு தணல் தா."

"என்ரை அடுப்பு மூட்டேல்லை அக்கா."

"அப்ப மூட்டன். நான் நிக்கிறன். விளக்கு வைச்சால் பிறகு கேக்கேலாது."

விளக்கு வைத்தபின் நெருப்புக் கொடுத்தால் சீதேவியும் கூடப் போய்விடுவாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே அவசரமாகப் பூனையைத் துரத்தி மூட்டிக் கொடுப்பேன். மறுநாளும் வருவார், அதற்கு மறுநாளும் வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரியான கசவாரம், வடிகட்டின கஞ்சம், நெருப்புப் பெட்டியைத் தாலிக்கொடியோடு கோத்து வைத்திருக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் எரிகிற அடுப்பைச் சும்மா விட மனம் வருமா? ஒரு பிடி அரிசி போடுவேன். சோறு வெந்தால் கறி வேண்டும். இப்படியே சமையல் பழகிவிட்டது.

ஒருநாள் கத்தரிக்காய்ப் பால்கறி எனக்கே ஆச்சரியமாக நன்றாக வந்தது. அன்னமக்காவுக்குக் கொடுக்கலாமென்று கோப்பையோடு பொட்டுக்குள்ளால் போனேன். அவர் வீட்டு அடுப்பு சடசடவென்று எரிகிறது, மேலே புட்டு அவிகிறது. சற்றுமுன் நான் கொடுத்த தணல் மாட்டுக்கொட்டில் வாசலில், பூச்சி விரட்டப் போட்ட வேப்பிலைக்குக் கீழே புகைந்துகொண்டிருந்தது. திகைத்து நின்றேன். உள்ளே அவருடைய புருஷன் கந்தையாண்ணை கேட்பது காதில் விழுந்தது.

"உந்தப் பிள்ளை இண்டைக்கும் அடுப்பு மூட்டினவளோ?"

"ஓம், மூட்டினவள். இனி எதையெண்டாலும் வைச்சுச் சாப்பிடுவாள்."

கறியோடு அப்படியே திரும்பி வந்தேன். அழுதேன், ஆனால் எவ்வளவு சந்தோஷமாக அழுதேன் தெரியுமா! நான் சாப்பிட்டேனா என்று யோசிக்க உலகத்தில் ஒருத்தி இருந்தாள். அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. மறுநாள் முதல் அவர் வருமுன்னே அடுப்பு மூட்டி வைத்தேன். அப்போதும் வந்து கேட்டார்.

பிறகு உலகச் சண்டை வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான் என்றார்கள். கிணற்றடியிலும் கோயிலடியிலும் கண்டவர்களெல்லாம் "கடுதாசி வந்ததோ?" என்று கேட்டார்கள். அன்னமக்கா மட்டும் கேட்கவில்லை. அவர் கேட்டது தணல் மட்டும்தான்.

சண்டை முடிந்து அங்கிருந்து வந்த ஒருவர் முற்றத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இவர் காய்ச்சலில் போய்விட்டாராம். அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து உறவினர் எல்லோரும் போனார்கள். அன்று பின்னேரம் அடுப்படியில் சும்மா குந்திக்கொண்டிருந்தேன். அன்னமக்கா வந்தார். கையில் அதே சிரட்டை.

"என்ரை அடுப்பிலை நெருப்பில்லை அக்கா."

"தெரியும். நான் கொண்டு வந்திருக்கிறன்."

சிரட்டைக்குள் தணல் கனன்றது. தானே குந்தியிருந்து என் அடுப்பை ஊதினார். ஊதி ஊதி அவருடைய கண்ணால் தண்ணீர் வடிந்தது. "ஆருக்குச் சமைக்கிறதெண்டு கேளாதை. நீயும் ஒரு ஆள்தானேயடி" என்றார்.

அன்னமக்கா போய் வெகுகாலம். வளவு கைமாறி, என் தலைக்கு மேலே உயர்ந்த மதில் வந்துவிட்டது. இப்போது அங்கே ஒரு சின்னப் பெண் தனியாக இருக்கிறாள். புருஷன் வெளிநாட்டில். வரவர மெலிகிறாள். நேற்று ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டால் சுற்றிப் போய் அவளுடைய கேற்றைத் தட்டினேன்.

"பிள்ளை, என்ரை அடுப்பு நூந்து போச்சு. கொஞ்சம் நெருப்புத் தாறியே?"

நல்ல பிள்ளை. உள்ளே ஓடிப்போய் இந்த லைற்றரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "ஆச்சி, இதை நீங்களே வைச்சிருங்கோ. இனி அலையத் தேவையில்லை" என்றாள்.

பொழுது படுகிறது. மதிலுக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் வீட்டில் காஸ் அடுப்பு, புகை வராது. அவள் சாப்பிட்டாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?