எதிர்க்கடை செல்வம் தட்டிய ஒரு வரி

இன்று காலை கடை கம்ப்யூட்டரில் லினக்ஸை நானே அப்கிரேட் செய்தேன். பழைய பில் ஃபைல்களைப் புது இடத்துக்கு நகர்த்தினேன். அதன்பிறகு பில் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. 'அனுமதி இல்லை' என்றது. என் கடை, என் ஃபைல், அனுமதி மட்டும் இல்லை.

வெளியே டெம்போவில் மாமல்லபுரம் லாட்ஜுக்கு டைல்ஸ் ஏற்றியாகிவிட்டது. பில் இல்லாமல் வண்டி கிளம்பாது. காத்திருந்து அலுத்துப்போன லாட்ஜ் காண்ட்ராக்டர் நேராக எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதுவும் டைல்ஸ் கடைதான். ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அந்தக் கடைக்கார செல்வத்தையே அழைத்து வந்தார்.

செல்வம் திரையைப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, ஒவ்வொரு ஃபைலுக்கும் பாதுகாப்பு லேபிள் கீது. நீ எடத்த மாத்திட்டு லேபிள மாத்தாம வுட்டுகீற. குடோன்ல பெட்டிய நகத்துனா அட்டைய மாத்த மாட்டியா?"

லேபிளைச் சரிசெய்யும் 'ரெஸ்டோர்கான்' என்ற கட்டளையை ஒரே வரியில் தட்டினான். பில் திறந்தது.

காண்ட்ராக்டர் அசந்துபோய், "உங்க கடைல இன்னா சரக்கு கீது சார்?" என்று அவனிடம் கேட்டார்.

"அண்ணாத்த கடைல கீறதுதான். இங்கயே வாங்கிக்கோங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் என் கடை விசிட்டிங் கார்டை நீட்டியிருப்பேன். அவனுக்கு லினக்ஸ் தெரிந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் எதிர்க்கடைக்காரராவது கொஞ்சம் கெட்டவராக இருக்கிறாரா?