நிரந்தர வதிவிடம்

யாராவது தங்கள் ஊரின் பெயரைச் சொன்னால், சீவரத்தினத்தார் மனத்தில் முதலில் வந்து நிற்பது அந்த ஊரின் கோயிலோ குளமோ அல்ல. அது திருநெல்வேலியிலிருந்து எத்தனை கட்டை என்பதுதான். யாழ்ப்பாணத்தார் மைலைக் கட்டை என்றே சொல்வார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பகுதியில் அவர் கிளாக்கர். விடுதிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் படிவங்கள் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் மேலே போகும்.

விதி எளிமையானது. பன்னிரண்டு கட்டைக்கு அப்பால் வீடு இருந்தால் விடுதியில் இடம் உண்டு. இப்பால் இருந்தால் பஸ்ஸிலோ சைக்கிளிலோ வந்து போக வேண்டியதுதான். விடுதி என்றதும் ஏதோ மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேருக்கென்று கட்டிய அறையில் நாலு கட்டில், வாளி வைக்க இடமில்லாத குளியலறை, வாரம் முழுக்க ஒரே பருப்பு. அதற்குத்தான் அவ்வளவு அடிபிடி.

அவர் கதிரைக்குப் பின்னால் சுவரில் குடாநாட்டின் பெரிய நில அளவைப் படம் ஒன்று தொங்கியது. மேசை லாச்சிக்குள் ஒரு நூல் கிடந்தது. தெருவின் வளைவு நெளிவுக்கு ஏற்ப நூலைப் படத்தில் படியவைத்து, பிறகு அதை அளவுகோலில் நீட்டிப் பார்ப்பார். நூல் சொன்னால் சொன்னதுதான். ஊரெல்லாம் தங்கள் வீடு பட்டணத்துக்குக் கிட்ட என்று பெருமையடிக்க, அவர் வேலை செய்த அந்த ஒரு கந்தோரில் மட்டும் வீடு தூரம், வெகுதூரம், பஸ்ஸே போகாத இடம் என்று சத்தியம் பண்ணுவார்கள். மீசாலையிலிருந்து வந்த தகப்பன் ஒருவர், சந்தியிலிருந்து தன் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று நின்றார்.

"ஒழுங்கை படத்திலை இல்லையே ஐயா."

"படத்திலை இல்லாட்டி ஒழுங்கை இல்லையோ? நானென்ன சந்தியிலை இருந்து வீட்டை பறந்தோ போறனான்?"

சீவரத்தினத்தார் சிரித்துக்கொண்டே படிவத்தை இடமில்லாதவர்களின் அடுக்கில், மறுபக்கம் வைத்தார். அந்த நாளில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, தெற்கில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று எழுதியவர்களுக்கு நூல் தேவைப்படவில்லை. கொழும்பு அந்தப் படத்திலேயே இல்லை. எல்லாருக்கும் இடம் கொடுத்தார்கள். கட்டில் போதாமல் நிலத்தில் பாய் போட்டார்கள். வெள்ளவத்தையில் அவர்கள் வீடு எரிந்து போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் படிவத்தில் எரிந்த வீட்டுக்கென்று தனிக் கட்டம் இல்லை. 'நிரந்தர வதிவிடம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

அவருடைய சொந்த ஊர் கீரிமலை. நூல் கணக்கில் பத்துக் கட்டை. ஆகவே கீரிமலைப் பிள்ளை ஒன்றுக்குக்கூட அவர் கையால் விடுதி கிடைத்ததில்லை. ஊரில் அதற்காக அவரைக் கண்டபடி கதைத்தார்கள். கேணியில் தோய்ந்துகொண்டு நிற்கும்போதே முகத்துக்கு நேரே, "உவர் பெரிய அரிச்சந்திரன்" என்றவர்களும் உண்டு. அவருக்கு அது உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. தானும் பத்துக் கட்டை சைக்கிள் மிதித்துத்தானே வேலைக்குப் போய் வருகிறேன் என்று ஒரு வீறாப்பு.

தொண்ணூறாம் ஆண்டு நடுப்பகுதியில் சண்டை மறுபடி தொடங்கியது. காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த ஷெல்கள் ஊருக்குள் விழத் தொடங்கியதும் சனம் எழும்பியது. சீவரத்தினத்தார் மனைவி பாலேஸ்வரியையும் மகள் தயாளினியையும் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழைக்கு வந்தார். அங்கும் இருக்க முடியாமல், தென்மராட்சியில் மிருசுவிலில் பாலேஸ்வரியின் சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டிலை மறைத்து, மெழுகி, அதற்குள் குடியேறினார்கள். வேலை திருநெல்வேலியில் என்றபடியால் அவர் அங்கேயே இன்னும் நாலு ஆண்களோடு ஒரு பின்னறையில் ஒண்டிக்கொண்டு, சனிக்கிழமைகளில் மிருசுவிலுக்குப் போய்வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோனது. அழவில்லை, கோபப்படவில்லை. தெரிந்த ஒருவர் தெருவில் மறித்து, "உங்கடை வீட்டுக் கூரை ஷெல் விழுந்து போட்டுதாம்" என்றபோது, "அப்பிடியோ" என்றார். பிறகு அந்த மனிதரின் சைக்கிள் ரயர் தேய்ந்திருப்பதைக் கண்டு, அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கதைத்தார். பாலேஸ்வரி இதைக் கேள்விப்பட்டு, மனுசனுக்கு விசர் பிடிக்கப் போகிறது என்று பயந்தாள். விசர் பிடிக்கவில்லை. நேரத்துக்கு வேலைக்குப் போனார், நேரத்துக்குச் சாப்பிட்டார்.

கந்தோரில் இப்போது வேறு மாதிரிச் சிக்கல். இடம்பெயர்ந்த பிள்ளைகள் எல்லாரும் வதிவிடம் என்ற கட்டத்தில் பழைய ஊரையே எழுதினார்கள். மண்டைதீவுப் பெடியன் அடைக்கலநாதன் அப்படி வந்தவன்தான். தீவு ஆமியிடம் போய்விட்டது. குடும்பம் கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் இருந்தது. அவன் எழுதியது மண்டைதீவு.

"தம்பி, மண்டைதீவு அஞ்சு கட்டையும் வராது. இதுக்கு இடம் தர ஏலாது."

"அங்கை போக ஏலாதே சேர். ஒரு கட்டையும் போக ஏலாது."

"அது எனக்குத் தெரியும். நூலுக்குத் தெரியாது. கிளிநொச்சி எண்டு எழுதும். அங்கைதான் இருக்கிறீர் எண்டு அங்கத்தை விதானையாரிட்டைக் கடிதம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாரும்."

"அப்ப மண்டைதீவு எண்டு எழுதக் கூடாதோ?"

"எழுதலாம். எழுதினால் கட்டில் கிடைக்காது."

அடைக்கலநாதன் படிவத்தைத் திருப்பி எடுத்தான். பிறகு மண்டைதீவை வெட்டிவிட்டுக் கிளிநொச்சி என்று எழுதினான். வெட்டிய கோடு கடதாசியைக் கிழித்தது. சீவரத்தினத்தார் அதைக் கண்டார். கண்டும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்படி எத்தனையோ பேரின் ஊரை அவர் மாற்றிவிட்டார். வசாவிளானாரை முரசுமோட்டையாராக்கினார், ஊர்காவற்றுறையாரை வவுனியாவாராக்கினார். நல்லெண்ணத்தோடுதான். இந்தச் சனத்துக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்பதுதான் அவருக்கு விளங்காமல் இருந்தது. ஒரு கட்டத்துக்குள் எழுதுகிற நாலு எழுத்து, அவ்வளவுதானே.

தொண்ணூற்றிரண்டில் தயாளினி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். கலைப்பீடம். பாலேஸ்வரி சித்தப்பா வீட்டாருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். ஆனால் மிருசுவிலிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வந்து போகிற தூரமில்லை அது. திருநெல்வேலியில் வாடகைக்கு அறை எடுக்கலாம் என்றால், இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனம் முழுவதும் அங்கேதான் வந்து இறங்கியிருந்தது. கோழிக்கூடு காலியாக இருந்தாலும் அதற்குள் ஒரு குடும்பம் இருந்தது. தகப்பனோடு தங்கலாம் என்றால், அவர் கிடந்தது ஆண்கள் நிறைந்த பின்னறையில். விடுதி கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் மாட்டுக்கொட்டில். அவ்வளவுதான் கதை.

சனிக்கிழமை படிவத்தைக் கொண்டுபோனார். மகள் பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் அவரே தன் அழகான கையெழுத்தில் நிரப்பினார். அந்தக் கட்டம் வந்ததும் பேனையை மூடினார்.

"ஏன் விட்டிட்டியள்?" என்றாள் பாலேஸ்வரி.

"பிறகு எழுதுவம்."

"என்ன பிறகு? செவ்வாய்க்கிழமை முடிவுத் திகதி எண்டு நீங்கள்தானே சொன்னியள்? மிருசுவில் எண்டு எழுதுங்கோ. ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற மனுசன், சொந்தப் பிள்ளைக்கு எண்ட உடனை கை வராதோ?"

அவர் பேனையைச் சட்டைப் பைக்குள் செருகினார். பாலேஸ்வரி விடுகிறவள் அல்ல.

"கடதாசியிலை எழுதினால் வீடு எழும்பி ஓடிப் போயிடுமோ?"

"ஓடாதுதான்."

"அப்ப?"

கீரிமலை என்று எழுதினால் பத்துக் கட்டை. மகளுக்கு இடமில்லை என்று தன் கையாலேயே மறுபக்கம் வைக்க வேண்டிவரும். மிருசுவில் என்று எழுதினால் பதினாறு கட்டை, இடம் உண்டு. கிளாக்கர் சீவரத்தினத்துக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வேறொரு பிள்ளையின் தகப்பன் வந்து நின்றிருந்தால் அரை நிமிடத்தில் வழி சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் அவருடைய கை எழும்பவில்லை. துக்கம் என்றும் சொல்ல முடியாது. மரத்துப்போன காலை ஊன்ற முடியாமல் இருக்குமே, அப்படி இருந்தது.

பின்னேரம் தயாளினியே, "வாங்கோ அப்பா, விதானையாரிட்டைப் போட்டு வருவம்" என்று சைக்கிளை எடுத்தாள். கிராம சேவகரான விதானையார் கந்தப்பு அப்போதுதான் தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். நல்ல மனுசன். விசயத்தைக் கேட்டதும் கடிதத் தாளை எடுத்தார்.

"எனக்கென்ன, எழுதித் தாறன். ஆனால் நீங்கள் ஒருக்கால் வாயாலை சொல்லிப்போடுங்கோ. நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது. மிருசுவில் உங்களுக்கு நிரந்தரமோ?"

சீவரத்தினத்தார் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயைப் பார்த்தார். கந்தப்பு பேனையோடு காத்திருந்தார். ஒரு கோழி வந்து மிளகாயைக் கிளறியது.

"ஓம், நிரந்தரம்தான்" என்றாள் தயாளினி.

கந்தப்பு தகப்பனைப் பார்த்தார். தகப்பன் மறுக்கவில்லை. கடிதம் எழுதி முத்திரை குத்தியாயிற்று. வீட்டில் அந்தக் கட்டத்தையும் மகளே நிரப்பினாள். அவளுடைய எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. மற்ற வரிகளோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை கந்தோரில் அவர் செய்த வேலையைச் சிலர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இது என் மகளின் படிவம் என்று சொல்லி, பெண்கள் விடுதிப் பொறுப்பாளரைக் கையோடு கூட்டிவந்து, அவர் கண்முன்னே நூலை வைத்து அளந்தார். கோப்பாய், கைதடி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில். "பதினாறு சொச்சம்" என்று வாசித்துக் காட்டினார். "உங்களை ஆர் சந்தேகப்பட்டது ஐயா?" என்று அந்த அம்மா வெட்கப்பட்டுப் போனார். எல்லாரும் வெளியே போன பிறகு, சும்மா கிடந்த நூலை எடுத்து வடக்கே கீரிமலைக்கும் வைத்துப் பார்த்தார். அதே பத்துக் கட்டை. ஒரு காவலரணிலும் ஒரு சென்றியிலும் யாரும் மறிக்காமல் நூல் மட்டும் போய்ச் சேர்ந்தது. அவர் அதைச் சுருட்டி லாச்சிக்குள் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

இடம் கிடைத்தது. மாடியில் நாலு பேர் அறை. புதுப் பிள்ளைகள் வந்து சேருகிற நாளில் மட்டும் தகப்பன்மாரை உள்ளே விடுவார்கள் என்பதால், அவர் றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளுக்குப் பின்னால் படியேறினார். யன்னலோரக் கட்டிலில் ஏற்கெனவே ஒரு பிள்ளையும் தாயும் இருந்தார்கள். தாயின் பெயர் லூர்த்தம்மா, முல்லைத்தீவுப் பக்கம். கடல் வெயிலில் கறுத்த முகம், வாய் ஓயாத சுபாவம். வள்ளத்தில் கிளாலிக் கடலேரியைக் கடந்து வந்த பயணத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முழுக்க நனைந்த உடுப்புப் பையைத் திறந்து காட்டினாள். சீவரத்தினத்தாரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டு, வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கையில் வைத்தாள். நல்ல மனுசி என்று அவருக்குப் பட்டது. கன நாளைக்குப் பிறகு ஒருவர் மீது அப்படி ஒரு பிரியம் வந்தது.

"நீங்கள் எவடம் ஐயா?" என்றாள் லூர்த்தம்மா.

"மிருசுவில்."

"ஐயோ, கிட்டத்தானே! நினைச்ச நேரம் வந்து பிள்ளையைப் பாக்கலாம். நாங்கள்தான் எங்கையோ கிடக்கிறம்."

"ஓம். கிட்டத்தான்."

கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்த தயாளினி நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். அவரை வழியனுப்பப் படியிறங்கி, வாசல் மட்டும் வந்த பிறகுதான் சொன்னாள்.

"அப்பா, அந்த அம்மா சும்மாதான் கேட்டவ. அவவுக்குக் கீரிமலை எண்டு சொல்லியிருக்கலாம்."

அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவள் சொல்லும்வரைக்கும் அவருக்குக் கீரிமலை என்ற பெயர் தோன்றவே இல்லை. பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட வரவில்லை, கேட்டார்கள், சொன்னார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.

"ஓம் பிள்ளை," என்றார். "சொல்லியிருக்கலாம்."