எல்லாம் அணைத்த பிறகும் சுற்றிய மீட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், மாரி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது இது. திருகோணமலையில், கப்பல் ஹோர்ன் அடித்தால் குசினிப் பாத்திரம் அதிரும் அளவுக்குத் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. நானும் மனைவியும் மட்டும்தான். மகள் படிப்புக்காகக் கண்டியில் இருக்கிறாள்.

அந்த மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. கட்டணம் கூடியது எல்லாருக்கும்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் எங்களுக்கு வந்த மாதிரி வரவில்லை. நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். எதையும் துருவித் துருவிப் பார்க்கிற புத்தி எனக்கு. குற்றவாளியைப் பிடித்தே தீருவது என்று வீட்டுக்குள் விசாரணையைத் தொடங்கினேன். முதலில் அயன் பெட்டி, பிறகு ரைஸ் குக்கர், பிறகு பகலில் சுற்றும் மின்விசிறி. எங்கே தொடங்கினாலும் விசாரணை போய் முடிவது மனைவியிடம்தான். உடுப்புக் காயாத அந்த மழைக்காலத்தில் அயன் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்த புண்ணியவான் நான். ஒரு கிழமை அவள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பில் மட்டும் இறங்கவே இல்லை.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் ஒரு பெண்கள் சங்கம் வீடு வீடாகப் போய், கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. மனைவி எனக்குச் சொல்லாமலே பெயர் கொடுத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கறுப்பு அபாயா, நனைந்த குடை, கையில் ஒரு கொப்பியும் சின்ன டோர்ச்சும். வீட்டில் தையல் வேலை செய்பவராம், சங்கத்தில் பயிற்சி எடுத்து இப்படி வருகிறாராம். தையல்காரியா எனக்கு வயர் வேலை சொல்லித் தரப் போகிறார் என்று மனதுக்குள் சிரித்தேன். வீட்டில் பல்ப் போடுவதிலிருந்து பம்புக்கு லைன் இழுப்பது வரை எல்லாம் என் கைவேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் அவசரப்படவே இல்லை. பிரிட்ஜ் கதவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். கடதாசி சுலபமாகக் கையோடு வந்தது. ரப்பர் தேய்ந்து குளிர் வெளியே போகிறது என்றார். சுவரோடு ஒட்டியிருந்த பிரிட்ஜை ஒரு சாண் முன்னுக்கு இழுக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். பிறகு பில்லை வாங்கிப் பார்த்தவர், நெற்றியைச் சுருக்கினார்.

"இதுகளால இவ்வளவு வராது அண்ணன். எல்லாத்தையும் ஒருக்கா ஓஃப் பண்ணிப் பாப்பம்."

மெயினை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் இருந்த ஒவ்வொரு சுவிட்சையும் அணைத்தோம். பிரிட்ஜ், ரீவி, போன் சார்ஜர், எல்லாப் பிளக்கையும் கழற்றினோம். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பிரிட்ஜின் இரைச்சல்கூட இல்லை, மழை மட்டும்தான். மூன்று பேரும் முன் விறாந்தையில் போய் மீட்டரைப் பார்த்தோம்.

எங்களுடையது பழைய சக்கர மீட்டர். அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஒரு பல்ப் எரியவில்லை, ஒரு காற்றாடி ஓடவில்லை. அது தன்பாட்டில், நிதானமாக, நிற்காமல் சுற்றியது. சிவப்புக் கோடு வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. எங்கள் வீட்டுக்குள் எங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் குடியிருப்பது போல இருந்தது.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"அக்கா, வீட்டுல வளவுல எங்கயாச்சும் உங்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியுதா?"

மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "சொன்னா இவர் சிரிப்பார்."

"எனக்குச் சொல்லுங்க."

"கிணத்தடிக்குப் போகேக்க, அந்தத் தேசிக் கண்டுக்குப் பக்கத்தில கால் வைச்சா எறும்பு ஊருற மாதிரி விறுவிறுக்குது. மழை பெய்தா இன்னும் கூடுது. இவருக்குச் சொன்னனான். விற்றமின் குறைவு எண்டு குளிசை வாங்கித் தந்தவர்."

நான் சிரிக்கத்தான் செய்தேன். "நான் போய் நிண்டு காட்டுறன், வாங்கோ" என்று வெறுங்காலோடு பின்கதவை நோக்கி நடந்தேன். அந்தப் பெண் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவு நிலைகளில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அதுவரை என் முகத்தை நேரே பார்த்துக்கூடப் பேசாதவர்.

"மெயின் ஓஃப் பண்ணாம ஒருத்தரும் இறங்க ஏலாது அண்ணன்."

குரல் உயரவில்லை. ஆனால் அவர் முகத்தில் இரத்தம் இல்லை. என் வீட்டு வாசலில் என்னை மறிக்க இவர் யார் என்று வந்த கோபம், அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. போய் மெயினை இறக்கினேன். சக்கரம் அந்த இடத்திலேயே நின்றது.

"ட்ரிப் சுவிட்ச் எப்பயாச்சும் விழுந்திச்சா?" என்று கேட்டார்.

கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் தானே விழுந்து ஆளைக் காப்பாற்றுவதுதான் ட்ரிப் சுவிட்ச். எங்கள் பக்கத்தில் மாரி வந்தால் அது அடிக்கடி விழும். உப்புக்காற்றில் பழுதாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வோம். சொல்லிவிட்டு, அதைத் தாண்டி வயரை நேரே கொடுத்துவிடுவோம். முதல் மழையில் அது நாலு தரம் விழுந்தபோது நானும் அதையே செய்தேன், மனைவிக்குக்கூடச் சொல்லாமல். அதற்கும் இரண்டு மாதம் முன்பு, தேசி எனும் அந்த எலுமிச்சங்கன்றை நட மண்வெட்டி போட்டபோது, நிலத்துக்குள் கிணற்று பம்புக்குப் போகும் வயரை வெட்டிவிட்டேன். டேப் சுற்றி, அதன்மேல் ஒரு சொப்பிங் பையையும் இறுக்கிக் கட்டி மூடியவன் நான். இரண்டையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைக் குறை சொல்லி ஒரு சொல் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த மின்வேலை செய்பவரைப் போனில் கூப்பிட்டார். அந்த ஆள் வரும்வரை தானும் போகவில்லை. காஸ் அடுப்பில் மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

மத்தியானம் போல மின்வேலைக்காரர் வந்து தேசிக்கடியைத் தோண்டினார். டேப் கூழாகியிருந்தது. செம்பு பச்சை பிடித்து வெளியே தெரிந்தது. பைக்குள் தண்ணீர் நிரம்பியிருந்தது. பம்பின் சுவிட்ச் கிணற்றடியில் இருந்ததால், பம்பு ஓடாத நேரமும் அந்த வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. மின்வேலைக்காரர் மண்ணைத் தட்டிவிட்டு எழும்பி, மனைவியை ஒரு தரம் பார்த்தார்.

"நீங்க ஒவ்வொரு நாளும் இதாலயா நடந்தனீங்க?"

"ஓம். காலமையும் பின்னேரமும்."

நனைந்த சேலையோடு, வெறுங்காலோடு, உடுப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் அந்த இடத்தைக் கடந்த காலைகள் எத்தனை. அத்தனை காலையும் அவள் உயிரோடு வீட்டுக்குள் திரும்பி வந்து எனக்குத் தேத்தண்ணி தந்திருக்கிறாள். அது எப்படி என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்புத்தான். கும்பிடத் தோன்றுகிறது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

போகும்போது குடையை விரித்த அந்தப் பெண்ணிடம், எப்படி உடனே கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் கண்டுபிடிக்கல்ல அண்ணன். அக்காதான் சொன்னாங்க. கால் வச்சவங்களுக்குத்தானே தெரியும்."

அடுத்த மாதம் பில் பாதியாக இறங்கியது. புது வயர் போட்டு, ட்ரிப் சுவிட்சையும் புதிதாக மாற்றியாயிற்று. அது விழுந்தால் இப்போது நான் வயரில் கை வைப்பதில்லை, ஆளைக் கூப்பிடுகிறேன். மனைவி ஒருநாளும் அந்தக் குளிசைக் கதையை எடுத்து என்னைக் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பத்தொன்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள் சொன்னதை நம்புவதற்கு எனக்கு நிலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று காலைதான் அவளை முதல் தடவையாகக் கண்ட அந்தப் பெண்ணுக்கு, அவள் சொன்னதே போதுமாக இருந்தது.