மூன்று வருஷக் குரல்

கணவர் கத்தாருக்குப் போன புதிதில் தினமும் போனில் குரல் பதிவு அனுப்புவார். வேலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் பேசுவது. அங்குள்ள வெயில், கூட இருப்பவர்களின் சமையல், ஒரு கடையில் நம்மூர்த் தேயிலைப் பெட்டியைக் கண்டு எடுத்து முகர்ந்து பார்த்தது என்று எல்லாம் வரும். ஒரு பதிவில் மட்டும் பேச்சே இல்லை. அறையில் ஓடும் ஏசி சத்தமும் அவருடைய மூச்சும்தான். கடைசியில் "சரி, வைக்கிறேன்" என்றார். நான் அதிகம் கேட்டது அதைத்தான்.

மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசிக் காம்பரா அறையில் தனியாக இருக்கிறேன். போனில் இடம் தீர்ந்துபோனதும், வகுப்பில் காட்டுவதற்கென்று நான் வாங்கியிருந்த ஒரு சின்னக் கணினிக்கு அந்தப் பதிவுகளை மாற்றினேன். உள்ளங்கை அளவுப் பலகை அது. எல்லாமே அதில் செருகியிருக்கும் நகம் அளவு மெமரி கார்டில்தான் இருக்கும். மாதம் மாதமாகப் பிரித்து வைத்துவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டேன்.

பாடசாலை விட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்ததும், பழைய டிவியோடு அதை இணைத்து ஒரு பதிவை ஓட விடுவேன். சோறு வேகும் வரைக்கும் காம்பராவில் அவர் பேசிக்கொண்டிருப்பார்.

ஆடி மாதம் காற்றும் மழையுமாக இருந்த ஒரு பின்னேரம், புதுப் பதிவுகளை மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. உடனே வந்து மறுபடியும் போனது. திரும்பி வந்தபோது டிவியில் கறுப்புத் திரையும் நாலைந்து வரி வெள்ளை எழுத்தும்தான். எத்தனை தடவை கார்டைப் போட்டு எடுத்தும் அதற்கு மேல் போகவில்லை.

சனிக்கிழமை கார்டை ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோனேன். போன் திருத்தும் கடைக்காரர் ஒரு மணித்தியாலம் வரை முயன்று பார்த்தார்.

"கார்டுல எழுதிக்கிட்டு இருக்கப்ப கரண்ட் போயிருக்கு டீச்சர். உள்ள எல்லாம் கலைஞ்சு போச்சு. வேற எங்கயாச்சும் கொப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எதையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்.

அன்று பின்னேரம் அவருக்குப் போன் எடுத்தேன்.

"மூணு வருஷமா நீங்க பேசி அனுப்புனதெல்லாம் அழிஞ்சிருச்சுங்க. உங்க போன்ல இருக்கா?"

"அந்தப் போன் போன வருஷமே ஒடைஞ்சிருச்சேம்மா. நான் என்ன பெருசா பேசியிருக்கப் போறேன்? சாப்பிட்டியா, தூங்குனியான்னு கேட்டிருப்பேன்."

"இல்லைங்க. நெறைய பேசியிருக்கீங்க."

"அப்படியா" என்றார்.

பேச்சில்லாத அந்தப் பதிவைப் பற்றிக் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று. கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகமில்லை என்றார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்கே நினைவில்லாத ஒரு நாளை இவ்வளவு காலம் நான் மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதுதான் என்னவோ செய்தது. அடுப்பைப் பற்றவைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு புதுக் கார்டு ஒன்றும் பென் டிரைவ் ஒன்றும் வாங்கினேன். இப்போது அவர் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அனுப்புகிறார். பெரும்பாலும் ஒரே வரி. வந்ததும் இரண்டிலும் போட்டு வைக்கிறேன். சமைக்கும்போது ரேடியோ கேட்கிறேன்.