ஏழு முறை விழுந்தவர்

பூதலூர்ப் பக்கம் சாமிதுரையைத் தெரியாதவர்கள் குறைவு. பதினாறு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, இரண்டரை ஏக்கர் வாங்கி நெல் போடுகிறவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே ஊரில் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். ராணுவத்தில் அவர் பதினான்கு வருடம் குத்துச்சண்டை ஆடினார். அதில் ஏழு முறை நாக்-அவுட் ஆனார். நடுவர் பத்து எண்ணி முடிக்கிறவரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஊர் நினைவில் நின்றது அந்த ஏழுதான். அவரே சிரித்துக்கொண்டு சொல்லிக் காட்டுவார்.

கிளமென்ட் ஒரு முறைகூட விழுந்ததில்லை. மாதா கோயில் தெருக்காரர். 1982-இல் திருச்சியில் நடந்த ஆள்சேர்ப்பில் இருவரும் ஒரே நாளில் தேர்வானார்கள். ஒரே படைப்பிரிவு, ஒரே எடை. அதனால் தினமும் காலையில் ஒருவருக்கொருவர் எதிரே நின்று பயிற்சிச் சண்டை போட்டார்கள். முகத்தில் எத்தனை குத்து விழுந்தாலும் கிளமென்ட் அசையமாட்டார். அப்படி ஒருவன் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே அதிகாரிகள் வருவார்கள். பதக்கங்கள் எல்லாம் அவருக்கு.

ஓய்வு பெற்று வந்த கிளமென்ட் தஞ்சாவூரில் ஒரு வங்கியில் காவலராகச் சேர்ந்தார். இருபது வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு, கேட்டதையே திரும்பக் கேட்க ஆரம்பித்தார். குரல் உயர்த்திப் பேசாத மனுஷன், குழம்பில் உப்பில்லை என்று தட்டை விசிறி அடித்தார். அவர் மனைவி ஃபிளோரா அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாமிதுரைக்குத் தெரிய வந்தது 2019-இல், குறுவை அறுப்பு சமயத்தில். நண்பகலில் கிளமென்டிடமிருந்து போன் வந்தது.

"நான் எங்க இருக்கேன்னு தெரியலடா, துரை."

சுற்றிலும் என்ன தெரிகிறது என்று கேட்டார் சாமிதுரை. தண்ணீர் ஓடுகிறது, ஒரு பாலம் இருக்கிறது என்று பதில் வந்தது. சாமிதுரை அறுப்பு மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். கல்லணைக் கால்வாய்க் கரையில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தார் கிளமென்ட். அங்கிருந்து பார்த்தால் அவர் தெருக் கோயிலின் சிலுவை தெரியும். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தக் கோயில் என்று சாமிதுரையைக் கேட்டார்.

வயசுக் கோளாறு என்றார் ஒரு டாக்டர். நடுக்கவாதம் என்றார் இன்னொருவர். கிளமென்டின் மகள் லின்சி பெங்களூரில் நர்ஸ். அவள்தான் அங்கே சாவித்திரி என்ற நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். சாமிதுரையும் கூடப் போனார். மருத்துவர் மன்னார்குடிக்காரர் என்பதில் ஃபிளோராவுக்கு ஒரு தெம்பு.

வருடத்தின் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார் மருத்துவர். கிளமென்ட் டிசம்பர் என்றார், நவம்பர் என்றார். அதற்கு மேல் வரவில்லை. நீங்களும் குத்துச்சண்டை ஆடியவர்தானே, சொல்லுங்கள் என்று மருத்துவர் சாமிதுரையைக் கேட்டார். அவர் மடமடவென்று ஜனவரிவரை வந்துவிட்டார். சொல்லி முடித்ததும் நண்பனின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே மாட்டினார். உள்ளே நடுவில் சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு மெல்லிய திரைகள் விலகி, ஒரு சிறு பொந்து விழுந்திருந்தது.

"மூளைங்கிறது இளநீர் வழுக்கை மாதிரிங்க. தண்ணிக்குள்ள மிதந்துகிட்டு இருக்கு. முகத்துல குத்து விழுந்தா மண்டையோடு நின்னுடும். உள்ள இருக்கறது நிக்காது."

பதினான்கு வருடம் மண்டைகளைக் குறிபார்த்துக் குத்தியவர் சாமிதுரை. உள்ளே இருப்பது இன்னதென்று அன்றுதான் ஒருவர் சொல்லிக் கேட்டார். வாய்க்கால் தகராறு, மகள் கல்யாணம், மனைவி தங்கம்மாளின் குரல் எல்லாமே அந்த வழுக்கைக்குள்தான் இருக்கின்றன என்று நினைத்தபோது கை தானாகத் தலைக்குப் போனது.

"நான்தாங்க ஏழு தடவை விழுந்தவன்," என்றார். "வந்திருந்தா எனக்குல்ல வந்திருக்கணும்? இவன் விழுந்ததே இல்லீங்களே."

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். விழுந்ததும் என்ன செய்வார்கள் என்று கேட்டார். இருபத்தெட்டு நாள் வளையத்துக்குள் விடமாட்டார்கள், அது விதி என்றார் சாமிதுரை.

"அந்த இருபத்தெட்டு நாளும் கிளமென்ட் என்ன பண்ணுவாரு?"

"வேற ஒருத்தனோட ஆடுவான்ங்க."

பிறகு மருத்துவர் நிதானமாக விளக்கினார். ஆளைச் சாய்க்கிற ஒரு பெரிய குத்தைவிட, சாய்க்காத ஆயிரம் சின்னக் குத்துகள்தான் வருடக் கணக்கில் சேர்ந்து கெடுக்கின்றன. ஒவ்வொரு அதிர்விலும் உள்ளே நூலிழைகள் இழுபடுகின்றன. ஆறுவதற்குள் அடுத்தது விழுகிறது. விழுந்தவருக்கு ஓய்வு கிடைத்தது. நின்றவருக்குக் கிடைக்கவில்லை.

"ஆனா இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன்," என்றார். ஓய்வே இல்லாமல் ஆடியும் எண்பது வயதில் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. பிறப்பிலேயே வருகிற ஒரு கூறு சிலருக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்கிறார்கள். அது இருந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இன்னதுதான் நோய் என்று உறுதியாகத் தெரிவதும் இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்க்கும்போதுதான்.

திரும்பி வரும் ரயிலில் சாமிதுரை சாப்பிடவில்லை. கிளமென்டின் தலையில் விழுந்ததில் பாதி தன் கையால் விழுந்தது என்று ஃபிளோராவிடம் சொன்னார். ஃபிளோரா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு போட்டதும் உங்க தலையிலதானே அண்ணே இருக்கு," என்றார் கடைசியில்.

அடுத்த வருடம் லின்சி அப்பாவையும் அம்மாவையும் பெங்களூருக்கே கூட்டிக்கொண்டாள். மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பேச்சை அவள்தான் எடுத்தாள். தெளிவாக இருந்த ஒரு காலையில் கிளமென்டே அதற்குச் சம்மதித்தார். எடுத்துப் பார்க்கட்டும், எனக்கும்தான் தெரியவேண்டியிருக்கிறது என்றாராம். அதைக் கேட்டுச் சாமிதுரை மருத்துவருக்குப் போன் செய்தார். கெட்டுப்போனதை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும், அதே அடி வாங்கியும் கெடாததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். நாங்கள் கேட்கத் தயங்கியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றார் மருத்துவர்.

அவர் தன் மூளையையும் கொடுப்பதற்குத் தங்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. தலையைப் பிளந்து கொடுத்துவிட்டு எந்த முகத்தை வைத்துத் தூக்கிப்போவது என்று கேட்டார். சாமிதுரை அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

2024 பிப்ரவரியில் கிளமென்ட் நிமோனியாவில் இறந்தார். மூளையை எடுத்துக்கொண்டு, மறுநாளே உடலைப் பூதலூருக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் தங்கம்மாள் பெட்டியருகே போய் வெகுநேரம் நின்றார். குனிந்து நெற்றியைப் பார்த்தார், காதோரம் பார்த்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "ஒரு கீறல் இல்ல. தூங்கற மாதிரி இருக்காரு. அந்த ஆராய்ச்சி ஃபாரத்தை எடுங்க, கையெழுத்துப் போடறேன்," என்றார். சாட்சிக் கையெழுத்து அவருடையதுதான்.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. மருத்துவர் சந்தேகப்பட்ட அதே நோய்தான். மூளை கொடுக்கச் சம்மதித்தவர்களுக்கு வருடாவருடம் செய்யும் சோதனையில் தன் முதலாவதுக்காகச் சாமிதுரை பெங்களூர் போயிருந்தபோது, கிளமென்டின் மூளையைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். லின்சியும் சரி என்றாள்.

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் முதலில் வெறும் நீலம்தான் தெரிந்தது. மருத்துவர் திருகைத் திருப்பினார். நீலத்தின் நடுவே, ரத்தக்குழாய்களைச் சுற்றிச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள், கொத்துக் கொத்தாக. அந்தப் பழுப்பு இருக்கிற இடமெல்லாம் செத்துக்கொண்டிருந்த இடம் என்றார் மருத்துவர். சாமிதுரை கண்ணை எடுக்கவில்லை. பதினான்கு வருடம் எதிரே நின்று பார்த்தது முகத்தை மட்டும்தான். கோயில் பெயரை மறந்த இடம் இதில் ஏதோ ஒரு மூலையில் இருக்கிறது. துரை என்ற பெயரைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த இடமும் இருக்கும். ஒரு நெல்மணி அளவு கூட இல்லாத துண்டுக்குள் இவ்வளவும் இருக்கிறதே என்று மூச்சுவிட மறந்து நின்றார்.

"என்னது எப்படி இருக்கும்ங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. இதே மாதிரி இருந்தும் உங்களை ஒண்ணும் பண்ணாம இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் எங்களுக்குப் பாடம்தான்."

அப்படியானால் எப்போது தெரியும் என்று கேட்டுவிட்டு, கேட்டதன் அர்த்தம் புரிந்து சிரித்தார். மருத்துவரும் சிரித்துவிட்டார்.

"அவசரமே இல்லைங்க. நாங்க காத்திருக்கோம்."